ஆட்டை யார் பார்த்துக்கொள்வது?



உங்களுக்கு ஒரு கேள்வி. ஊரில் இலவசமாகச் சிகிச்சை தருகிறார்கள். அந்தச் சிகிச்சை கட்டாயம் தேவைப்படும் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஆனாலும் அவர் போகவில்லை. ஏன்? யோசித்துக்கொண்டே படியுங்கள். விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியில் கண் சிகிச்சை முகாம் நடந்தது. பெஞ்சுகளை எல்லாம் வராந்தாவில் எடுத்துப் போட்டோம். கரும்பலகையின் மேல், பெரிதும் சிறிதுமாக எழுத்துகள் உள்ள அட்டையை மாட்டினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளைக் கைப்பிடித்து அழைத்து வந்து வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அதில் ஓர் அப்பத்தாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. "ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும். காசு வேண்டாம். சாயங்காலம் பஸ்ஸில் கூட்டிப்போய், மூன்றாம் நாள் இங்கேயே கொண்டுவந்து விடுகிறோம்" என்றார் டாக்டர். அப்பத்தா தலையாட்டினார். சாயங்காலம் பஸ் வந்தது. எல்லாரும் ஏறினார்கள். அப்பத்தாவை மட்டும் காணோம்!

அப்பத்தா அங்கேயே இருக்கட்டும். இதுபோலவே, "ஏன் வரவில்லை?" என்று யோசித்த ஒரு மனிதரைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

மணலில் எழுதிய சிறுவன்

எட்டயபுரத்துக்கு அருகே உள்ள வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பேப்பர், பென்சில் எதுவும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் படித்தார்கள்.

பிரசவம் பார்க்கும் டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மருத்துவம் படித்து முடித்து ராணுவத்திலும் பணியாற்றினார். அப்போது கடுமையான மூட்டுவாத நோய் தாக்கியது. நெடுநாள் படுத்த படுக்கை. விரல்கள் கோணிப்போயின. பேனாவைப் பிடிக்கக்கூட முடியவில்லை. பிரசவ மருத்துவராகும் கனவு போயிற்று.

அவர் சோர்ந்துவிடவில்லை. கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களால் கத்தி பிடித்துப் பழகினார். அந்தக் கைகளே பின்னாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தன!

பதினொரு படுக்கைகள்

நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் அது, வயதாக ஆக மங்கிப் பால்போல் ஆவதுதான் கண்புரை. மருந்து போட்டால் போகாது. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும். திரும்பக்கூடிய பார்வை திரும்பாமலேயே நம் நாட்டில் எத்தனையோ ஏழைகள் இருட்டில் கிடந்தார்கள். இதுதான் டாக்டரின் மனத்தை உறுத்தியது.

1976-ஆம் ஆண்டு, 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் சாய்வு நாற்காலியில் சாயவில்லை. மதுரையில் ஒரு வீட்டில், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கூடப்பிறந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் துணை நின்றார்கள்.

பணம்? அதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தார். வசதி உள்ளவர்கள் கட்டணம் கொடுப்பார்கள். இல்லாதவர்களுக்கு இலவசம். ஆனால், இரண்டு பேருக்கும் அதே டாக்டர், அதே ஆபரேஷன். அறையிலும் கட்டிலிலும் வித்தியாசம் இருக்கலாம். சிகிச்சையில் இருக்கக் கூடாது!

நிறையப் பேருக்குச் செய்தால்தானே செலவு குறையும்? அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் எந்த ஊரிலும் ஒரே மாதிரி, மளமளவென்று பண்டங்கள் செய்து தருவதைப் பார்த்து அவர் வியந்திருக்கிறார். அதே ஒழுங்கை ஆஸ்பத்திரியில் கொண்டு வந்தார். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்து வைத்திருப்பார்கள். முடிந்ததும் டாக்டர் திரும்பினால் போதும். ஒரு நிமிடம்கூட வீணாகாது. தயார் செய்பவர்கள் யார் தெரியுமா? கிராமங்களிலிருந்து வந்து, பயிற்சி பெற்ற இளம்பெண்கள்.

இலவசம் மட்டும் போதுமா?

ஊர் ஊராக முகாம் போட்டார்கள். கூட்டம் வந்தது. ஆனால், "இலவசமாக ஆபரேஷன் செய்கிறோம், வாருங்கள்" என்று சொல்லியும் பலர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

"படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்று விட்டுவிட்டார்களா? இல்லை. ஏன் வரவில்லை என்று அந்த மக்களிடமே கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. துணைக்கு வர ஆளில்லை. போகிற இடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடுமே? இப்படிப் பதில்கள் வந்தன. ஆபரேஷன் இலவசம்தான், ஆனால், ஆபரேஷன் மேஜை வரைக்கும் போவது இலவசமில்லை!

அன்று முதல் பஸ், சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் சேர்த்தே கொடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பஸ்ஸில் போவதால் பயமும் குறைந்தது. வருவோர் எண்ணிக்கை கூடியது.

அடுத்த தடை லென்ஸின் விலை. புரையை எடுத்த இடத்தில் ஒரு சின்னஞ்சிறு செயற்கை லென்ஸைப் பொருத்தினால், சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். ஆனால், வெளிநாட்டிலிருந்து வரும் அந்த லென்ஸின் விலை ஏறக்குறைய 100 டாலர். ஏழைக்கு எப்படி இலவசமாகக் கொடுப்பது? 1992-இல் மதுரையிலேயே 'ஆரோலேப்' என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்குச் செய்து காட்டினார்கள். இன்று அந்த லென்ஸ்கள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

டாக்டர் வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். அவர் தொடங்கிய மருத்துவமனை தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சென்னை என்று கிளை பரப்பி, ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோருக்குச் சிகிச்சை அளிக்கிறது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இலவசம் அல்லது மிகக் குறைந்த கட்டணம்.

அப்பத்தா என்ன ஆனார்?

பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் அப்பத்தா வீட்டுக்கு விரைந்தேன். 'கிழவி பயந்துவிட்டார், நன்றாகப் புத்தி சொல்ல வேண்டும்' என்று நினைத்துக்கொண்டே போனேன். எனக்கு முன்னால் என் மாணவன் ஒருவன் ஓடிவிட்டான்.

"ஏன் அப்பத்தா வரலை?"

"நான் போயிட்டா இந்த ரெண்டு ஆட்டையும் யாருடா பாத்துக்குவா?"

அவ்வளவுதான் காரணம்! மகன் வெளியூரில். ஆடுகள்தாம் அவருக்கு எல்லாம்.

"எங்க வீட்டுல கட்டிக்கிறேன் அப்பத்தா. நீ போயிட்டு வா" என்றான் அவன். அப்பத்தா கிளம்பிவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் புத்தி சொல்லப் போனேன். பத்து வயதுப் பையன் காரணம் கேட்டான். அவன் கேட்டதுதான் பலித்தது.

மூன்றாம் நாள் கறுப்புக் கண்ணாடியுடன் வந்து இறங்கினார் அப்பத்தா. நேராக ஆட்டிடம் போனார். தடவிப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஏண்டா, இப்படி மெலிய விட்டுட்டியே!" என்று அவனை ஒரு பிடி பிடித்தார். பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது என்று எல்லாரும் சிரித்தோம்!

குழந்தைகளே, ஊருக்கு நல்லது செய்யப் பெரிய படிப்பும் பணமும் வந்த பிறகுதான் முடியும் என்று எண்ணாதீர்கள். உங்கள் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் வராத ஒரு தோழன் இருக்கலாம். உங்கள் தெருவில் மாத்திரை வாங்கப் போகாத ஒரு தாத்தா இருக்கலாம். சோம்பேறி, பிடிவாதக்காரர் என்று முடிவு கட்டாமல், பக்கத்தில் போய், "ஏன்?" என்று அன்பாகக் கேளுங்கள். எங்கேயாவது ஓர் ஆடு கட்டியிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும்!