பாறைத்தூள் உரம்

பாறைத்தூள் உரம் என்பது கனிமச்சத்து மிக்க பாறைகளை மாவுபோல் அரைத்து மண்ணில் இடும் இடுபொருள் ஆகும். எரிமலைக் குழம்பு இறுகி உருவான பசால்ட் பாறையின் தூளே இதற்குப் பெரிதும் விரும்பப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த யூலியஸ் ஹென்சல் இம்முறையைப் பரப்பினார்.

செயல்படும் விதம்

வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயு மண்ணின் ஈரத்தில் கரைந்து மென்மையான அமிலமாகிறது. இந்த அமிலமும் கரிம அமிலங்களும் தூளைச் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. அப்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், இரும்பு முதலியவை வெளிப்படுகின்றன. தூள் எவ்வளவு நுண்மையானதோ, அவ்வளவு விரைவாகக் கரையும். ஆயினும் முழுப் பயன் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

பாறையும் மண்ணும்

எல்லாப் பாறைத்தூளும் உரமாகாது. கிரானைட்டில் உள்ள குவார்ட்சு ஏறக்குறைய கரைவதே இல்லை. அதன் பொட்டாசியமும் மிக மெதுவாகவே வெளிவரும். எனவே கல்குவாரியில் கிடைக்கும் தூளை, அது எந்தப் பாறையின் தூள் என்று அறியாமல் வாங்குவது வீண்செலவாக முடியலாம். அமிலத்தன்மையுள்ள, மழையால் சத்து கரைந்துபோன மண்ணில் பயன் அதிகம். சுண்ணாம்பு மிகுந்த களர் மண்ணில் பயன் குறைவு.

பிரேசிலின் விதிமுறை

சத்துக் குறைந்த செம்மண் பரந்துள்ள பிரேசில், 2013இல் பாறைத்தூளைச் சட்டப்படி வேளாண் இடுபொருளாக ஏற்றது. 2016ஆம் ஆண்டு விதிமுறைப்படி, கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் மொத்தம் 9 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதில் பொட்டாசியம் ஆக்சைடு 1 விழுக்காடாவது இருக்க வேண்டும். தனித்த சிலிக்கா 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆர்சனிக், காட்மியம், பாதரசம், ஈயம் ஆகியவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு.

தோட்டத்தில் பயன்பாடு

பாறைத்தூளில் தழைச்சத்து இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அது தொழுவுரத்துக்கோ மண்புழு உரத்துக்கோ மாற்றாகாது. மக்கு உரக் குழியில் கலந்து இடுவது நல்லது. முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒரே வகைச் செடியை இரு தொட்டிகளில் வைத்து, ஒன்றில் மக்கு உரம் மட்டும், மற்றொன்றில் மக்கு உரத்துடன் பாறைத்தூளும் இட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை

சிலிக்கா கலந்த நுண்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால், குணப்படுத்த முடியாத சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரக்கூடும். தூளை நீர் தெளித்து ஈரமாக்கி, தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிந்தே கையாள வேண்டும். காற்று வீசும் நேரத்தில் தூவக்கூடாது.