ஆனையிறவும் அமெச்சூர் வானொலியும்: தொடக்கநிலையாளர்க்கான கருவித் தெரிவு

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, தொலைபேசி செயலிழந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்பிலுள்ள பிரதமர் அலுவலகத்துடன் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தியோர் விக்டர் குணதிலக்க முதலான அமெச்சூர் வானொலியாளர்களே. அதே அலை முல்லைத்தீவையும் விழுங்கிற்று. ஆயின், நீண்ட போர்க்காலத்தில் வானொலிச் செலுத்தி ஐயத்துக்குரிய பொருளாகவே நோக்கப்பட்ட வன்னியில் இக்கலை வேரூன்ற வாய்ப்பிருக்கவில்லை. 2009இல் போர் முடிவுற்றபின் இவ்வறிவு சாதாரண மக்களைச் சென்றடைதல் வேண்டுமெனின், குறைந்த செலவில் எக்கருவியைத் தெரிவது என்ற வினாவுக்கு முதலில் விடைகாண வேண்டும்.

செலுத்தியும் வாங்கியும் ஒன்றாயமைந்த கருவிகளுள் விலை குறைந்தது கைக்கருவியாகும். சீனத் தயாரிப்பான பௌபெங் யூவி-5ஆர் போன்றவை ஏறத்தாழ 4 உவாற்று வலுவில் 144 மெகாஹேட்சு வீச்சில் இயங்குவன. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வதால் புவியின் வளைவே அவற்றின் எல்லையாகின்றது. இரு அன்ரனாக்களின் உயரங்களை மீற்றரிற் கொண்டு, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி 4.12ஆற் பெருக்கினால் எல்லைத்தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். ஆனையிறவு உப்பளத்தருகே 2 மீற்றர் உயரத்தில் அன்ரனாவை ஏந்தி நிற்பவர், அதே உயரத்திலுள்ள இன்னொருவரோடு ஏறத்தாழ 12 கிலோமீற்றர் வரையே பேசலாம். தெற்கே 15 கிலோமீற்றரளவிலுள்ள கிளிநொச்சி அதற்கு அப்பாற்பட்டது. ஒரு முனையில் 10 மீற்றர்க் கம்பம் நாட்டினால் எல்லை 19 கிலோமீற்றராகும். கிளிநொச்சி எட்டும், 45 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணம் எட்டாது. வலுவைக் கூட்டுவதனால் புவியின் வளைவு நிமிர்ந்துவிடுவதில்லை.

7 மெகாஹேட்சுச் சிற்றலையின் இயல்பு வேறு. 20 மீற்றர் செப்புக்கம்பியை நடுவிற் பிரித்து, இரு பனைகளுக்கிடையே 5 அல்லது 6 மீற்றர் உயரத்திற் கட்டினால், அலை மேனோக்கிச் சென்று அயன்மண்டலத்தில் தெறித்து மீளும். பகற்பொழுதில் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை ஆகியன ஒரே வலையமைப்புக்குள் வரக்கூடும்.

சிற்றலைக் கருவி விலைகூடியது என்பது பொதுக் கருத்து. இந்தியாவின் அஷார் பர்கான் வடிவமைத்த பிட்எக்ஸ் அதனை மறுக்கின்றது. வாங்குதற்கும் செலுத்துதற்கும் ஒரே சுற்றின் பெரும்பகுதியைப் பயன்படுத்தியமையும், கிடைத்தற்கரிய சுருள் அகணிகளுக்குப் பதிலாகத் தண்ணீர்க்குழாய் வாசர்களைக் கையாண்டமையும் அதன் சிறப்புகள். அவ்வழிவந்த மைக்ரோபிட்எக்ஸ் ஏறத்தாழ 10 உவாற்று வலு தருவது. 100 உவாற்றுக் கருவியோடு ஒப்பிடின் அதன் சைகை 10 டெசிபெல் மட்டுமே குறையும். வாங்கியின் அளவுமானியில் இஃது இரண்டு அலகுக்கும் குறைவு. ஆனால் பெரிய கருவி செலுத்தும்போது 20 அம்பியர் வரை கோரும். சிறியது மோட்டார் சைக்கிள் பற்றரியிலேயே இயங்கும். மின்சாரம் அற்றுப்போகும் புயல் நாளில் இவ்வேறுபாடே தீர்க்கமானது.

எனவே அயற்கிராமத் தொடர்புக்குக் கைக்கருவியும், மாவட்டங்களுக்கிடையிலான தொடர்புக்குச் சிறுவலுச் சிற்றலைக் கருவியும் பொருத்தமானவை. உப்புக்காற்று இணைப்புகளை அரிப்பதால் அவற்றை மூடிப் பாதுகாக்கும் செலவையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். எனினும் முதற்படி கொள்வனவன்று. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையிற் சித்தியடைந்து, அனுமதிப்பத்திரம் பெற்று, அதன் வகுப்புக்குரிய மீடிறன்களை அறிந்தபின்னரே கருவியைத் தெரிதல் வேண்டும். தனியொருவரால் இயலாதவிடத்துப் பாடசாலையோ சனசமூக நிலையமோ முன்வரலாம். பேரிடரில் ஒலிக்கவேண்டிய குரல் ஒருவரது உடைமையன்று.