எலும்பு சேர்ந்த பின்னும் விரல் மரத்திருப்பது ஏன்?

மணிக்கட்டு எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டைப் பொதுவாக 6 வாரங்களில் பிரிக்கிறோம். எலும்பு கூடிவிட்டதென எக்ஸ்ரே காட்டினாலும், சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட விரல்களால் இயலாமல் போகலாம். சிலருக்குத் தொட்டது தெரியாது. சிலருக்குத் துணி உரசினாலே எரியும். எலும்பு சேர்வது ஒன்று, உணர்வு மீள்வது மற்றொன்று.

காரணம் என்ன?

மணிக்கட்டின் உள்பக்கத்தில் உள்ள குறுகிய பாதை வழியே 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் தொடு உணர்வு இந்நரம்பைச் சார்ந்தது. முறிவால் ஏற்படும் வீக்கம் அதனை நெருக்குகிறது. நெருக்கம் லேசானதாயின் சில வாரங்களில் உணர்வு திரும்பும். நரம்பிழைகள் அறுந்திருப்பின் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. அளவே வளரும், விரல்நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பஞ்சு, பருத்தித் துணி, சொரசொரப்பான துண்டு என்ற வரிசையில், மென்மையானதில் தொடங்கி விரல்களை மெதுவாகத் தேய்த்துப் பழக்குங்கள். முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டும், பிறகு கண்ணை மூடியும் செய்யுங்கள். ஒரு கிண்ணம் அரிசியில் நாணயம், சாவி, புளியங்கொட்டை ஆகியவற்றைப் புதைத்து, பார்க்காமல் தேடி எடுங்கள். ஒருமுறைக்கு 5 நிமிடம், நாளுக்கு 3, 4 முறை போதும். தொடுகையின் பொருளை மூளை மீண்டும் கற்பதற்கான பயிற்சி இது.

உடனிருப்போர் கவனத்திற்கு

மரத்த விரல் சூட்டை அறியாது. வெந்நீரையும் பாத்திரத்தையும் மற்றக் கையால் தொட்டறிந்த பின்னரே பயன்படுத்தச் செய்யுங்கள். எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிடுவதைத் தவிருங்கள். அதேவேளை, எல்லா வேலைகளையும் நீங்களே செய்துவிடாதீர்கள்; சோறு பிசைவதும் துணி மடிப்பதும் அந்தக் கைக்குச் சிகிச்சையே.

உடனே வர வேண்டிய நேரம்

கட்டு இருக்கும்போது மரத்தலோ வலியோ கூடிக்கொண்டே போனாலும், விரல்கள் நீலம் பாரித்தாலும், வெளிறினாலும் இரவென்று பாராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். கட்டுப் பிரித்த பின் காயத்துக்கு மிஞ்சிய வலி, பளபளக்கும் வீக்கம், நிறமாற்றம், அந்தக் கையில் மட்டும் மிகுந்த வியர்வை ஆகியவை தென்பட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். இவற்றை விரைந்து கவனித்தால் கையின் இயக்கத்தைக் காக்கும் வாய்ப்பு அதிகம்.