ராபின் ஹுட் பட்டாலியன் கையில் சர்ச்லைட்

ராபின் ஹுட் என்றாலே நமக்கு வில்லும் அம்பும்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் அந்தப் பெயரில் ஒரு பட்டாலியனே இருந்தது. 1859-ல் தொண்டர் படையாகத் தொடங்கி, 1908-ல் ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் ரெஜிமென்ட்டின் 7-வது பட்டாலியன் ஆனது. முழுநேர சிப்பாய்கள் கிடையாது. பகலில் பிழைப்பு, மற்ற நேரத்தில் பயிற்சி.

ஆனால் போர் வந்தபோது பகுதிநேரம் என்று யாரும் சலுகை காட்டவில்லை. 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் கொம்மெகூரில் நடந்த தாக்குதலில் பலரை இழந்தார்கள்.

அப்படிப்பட்ட காலாட்படைக்கு 1936-ல் வேறு வேலை கொடுத்தார்கள். ஜெர்மனி விமானப்படையைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. பிரிட்டிஷ் நகரங்களைக் காக்க வான் பாதுகாப்புக்கு ஆள் வேண்டும். புதிதாக ஆள் தேடுவதற்குப் பதிலா, இருக்கிற பகுதிநேரப் பட்டாலியன்களையே மாற்றினார்கள். ராபின் ஹுட்ஸ், ராயல் இன்ஜினியர்ஸின் 42-வது விமான எதிர்ப்பு பட்டாலியன் ஆனது. கையில் சர்ச்லைட்.

லேசான வேலை என்று நினைக்காதீங்க. இரவில் விமானத்தைக் கண்டுபிடிக்க அப்போது ஒலிவாங்கிக் கருவிதான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 5 கி.மீ. தூரத்தில் பறக்கும் விமானத்தின் சத்தம் தரைக்கு வர 15 விநாடி ஆகும். மணிக்கு 300 கி.மீ. வேகம் என்றால், அதற்குள் விமானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். சத்தம் வந்த இடத்தில் விளக்கடித்தால் வெறும் வானம்தான் தெரியும். 1940-ல் சர்ச்லைட் பிரிவுகள் எல்லாம் பீரங்கிப் படையான ராயல் ஆர்ட்டிலரிக்கு மாறின. 1941 முதல் சர்ச்லைட்டிலேயே ரேடார் பொருத்தினார்கள். மறுபடியும் புதுப் பாடம்.

நம்ம ஐடி துறையில் தொழில்நுட்பம் மாறினால் முதலில் வெட்டப்படுவது ஆட்கள்தான். பத்து வருஷம் சேர்ந்து உழைத்த டீமை ஒரே மெயிலில் கலைத்துவிட்டு, புது ஆட்களை எடுக்கிறார்கள். அந்தப் பட்டாலியனுக்கு வேலை மாறியது, கருவி மாறியது. ஊர்ப் பெயரும் உடன் இருந்தவர்களும் மாறவில்லை. ஆளை வைத்துக்கொண்டு வேலையை மாற்றிக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? போர் மிரட்டிய காலத்தில் அவர்களால் முடிந்தது, லாபத்தில் ஓடும் கம்பெனிகளால் ஏன் முடியாது?