ஜீப் பராமரிப்பும் மாற்றியமைப்பும்

ஜீப் பராமரிப்பும் மாற்றியமைப்பும் என்பது கரடுமுரடான பாதைகளில் ஓடக்கூடிய நான்கு சக்கர இயக்க வாகனங்களை அவற்றின் உரிமையாளர்களே பழுதுபார்த்து, பேணி, தம் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் பொழுதுபோக்கு ஆகும். இந்தியாவில் இது பெரும்பாலும் பழைய ஜீப்புகள், மாருதி ஜிப்சி, மகிந்திரா தார் ஆகிய வாகனங்களைச் சுற்றி வளர்ந்துள்ளது. வாகனத்தில் செய்யப்படும் எந்த மாற்றமும் தனித்து நிற்பதில்லை. ஓர் உறுப்பை மாற்றினால் அதனோடு இணைந்த பல உறுப்புகளின் வேலையும் மாறுகிறது. ஆகவே மாற்றியமைப்பைவிடப் பராமரிப்பே இப்பொழுதுபோக்கின் அடித்தளமாகக் கருதப்படுகிறது.

பின்னணி

1940-இல் அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக ஜீப்பின் முதல் மாதிரி உருவானது. இரண்டாம் உலகப் போரின்போது வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் இவ்வாகனத்தை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரித்தன. 80 அங்குலச் சக்கர இடைவெளி, 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்குகள் என இதன் அமைப்பு எளிமையானது. போர்க்களத்தில் சில கருவிகளைக் கொண்டே பிரித்துச் சேர்க்கும்படி இது வடிவமைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் ஆர்வலர்களை ஈர்த்ததும் இந்த எளிமையே.

இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிகளாக வரவழைத்துப் பொருத்தத் தொடங்கியது. பின்னர் அவற்றை உள்நாட்டிலேயே தயாரித்து, காலப்போக்கில் டீசல் எஞ்சின்களையும் பொருத்தியது. 1985-இல் மாருதி ஜிப்சி அறிமுகமானது. எடை குறைவாக இருந்ததால் இராணுவமும் காவல்துறையும் மட்டுமன்றிக் கார் பந்தய வீரர்களும் இதை விரும்பினர். நிசான் பேட்ரோலை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூரில் இராணுவத்திற்காகத் தயாரான ஜோங்காவும் ஏலங்களின் வழியே தனியாரிடம் வந்து சேர்ந்தது. 2010-இல் மகிந்திரா தாரும், 2020-இல் அதன் இரண்டாம் தலைமுறையும் வெளிவந்தன. மலேசியாவில் தோன்றிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்னும் கரடுமுரடுப் பாதைப் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் நடத்தப்பட்டது.

நான்கு சக்கர இயக்கம் செயல்படும் முறை

சாதாரணக் காரில் எஞ்சினின் விசை இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. ஜீப்பில் கியர்பெட்டியை அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இரண்டாவது பெட்டி உள்ளது. இது விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்து அனுப்புகிறது. இதிலுள்ள 'லோ' கியரைப் போட்டால் வேகம் குறைந்து, சக்கரத்தின் சுழல்விசை ஏறத்தாழ 2 முதல் 2.5 மடங்கு வரை உயர்கிறது.

ஒவ்வோர் ஆக்சிலின் நடுவிலும் டிஃபரன்ஷியல் உள்ளது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் அதிகத் தொலைவு ஓட வேண்டியிருப்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இது இடம் தருகிறது. ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சம அளவு விசையையே தரும். ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ வீணாகச் சுழன்றால், பிடிமானமுள்ள மறு சக்கரத்திற்கும் மிகக் குறைந்த விசையே கிடைக்கும். இதனால்தான் முன்புறம் ஒரு சக்கரமும் பின்புறம் எதிர்மூலைச் சக்கரமும் பிடிமானம் இழந்தால், நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி நின்றுவிடுகிறது.

பழைய ஜீப்புகளில் முன், பின் ஆக்சில்களுக்கு இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. எனவே காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தினால், திருப்பங்களில் ஷாஃப்டுகள் முறுக்கேறி உறுப்புகள் தேய்ந்து உடையக்கூடும். மண், சேறு, மணல் போன்ற வழுக்கும் தரைகளிலேயே இதைப் பயன்படுத்த வேண்டும்.

பராமரிப்பு

கரடுமுரடான பாதையில் ஒரு நாள் ஓட்டினால் தூசி, நீர், அதிர்வு ஆகிய மூன்றும் வண்டியைத் தாக்குகின்றன. ஆகவே ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் செய்யப்படும் சோதனை முக்கியமானது.

• கழுவுதல்: சேஸிஸின் உட்புறத்திலும் பிரேக் டிரம்களிலும் தங்கும் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை உண்டாக்கும். காய்வதற்கு முன்பே அதைக் கழுவ வேண்டும்.

• கிரீஸ் அடித்தல்: புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ்கள், ஸ்பிரிங் ஷேக்கில்கள், ஸ்டியரிங் இணைப்புகள் ஆகியவற்றில் கிரீஸ் நிப்பிள்கள் உள்ளன. புதிய கிரீஸை அடிக்கும்போது உள்ளே புகுந்த நீரும் மண்ணும் பழைய கிரீஸோடு வெளியேறும்.

• ஆயில் சோதனை: ஆழமான நீரைக் கடந்தபின் டிஃபரன்ஷியல், கியர்பெட்டி ஆகியவற்றின் ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் கலந்த தேநீர் போல் அது நிறம் மாறியிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். அந்த ஆயிலை உடனே மாற்றாவிட்டால் பேரிங்குகளும் பல்சக்கரங்களும் கெடும்.

• முன்சக்கர ஆட்டம்: முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்கிலும், தொடர்ந்தால் கிங்பின்னிலும் தேய்மானம் இருக்க வாய்ப்பு அதிகம்.

• நட்டுகள்: ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளும் சக்கர நட்டுகளும் அதிர்வால் தளரும். புதிதாகப் பொருத்தியபின் சிறிது தொலைவு ஓட்டிவிட்டு மீண்டும் முறுக்க வேண்டும்.

நீர் உள்ளே புகுவதற்குக் காரணம் ஆயில் சீல் கெட்டிருப்பது மட்டுமன்று. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்குகிறது. அந்த உறிஞ்சலில் மூச்சுக்குழாய் வழியாகவும் சீல்களின் ஓரமாகவும் நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, மூச்சுக்குழாயின் வாயை எஞ்சின் அறையின் உயரத்திற்குக் கொண்டுவந்தால் இதைத் தடுக்கலாம். மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் மாற்றங்களில் இதுவும் ஒன்று.

பொதுவான மாற்றங்களும் அவற்றின் விளைவுகளும்

பெரிய டயர்: ஆர்வலர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் மாற்றம் இதுவே. எடுத்துக்காட்டாக, 205/70 ஆர்15 அளவு டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர்15 பொருத்தினால் விட்டம் சுமார் 733 மி.மீ. ஆகிறது. விட்டம் 65 மி.மீ. கூடினாலும் ஆக்சிலின் உயரம் அதில் பாதி, அதாவது சுமார் 33 மி.மீ. மட்டுமே உயர்கிறது. அதே நேரத்தில் வேகமானி 50 காட்டும்போது வண்டி உண்மையில் சுமார் 55 கி.மீ. வேகத்தில் ஓடும். ஒவ்வொரு கியரிலும் இழுவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். கிளட்ச், பிரேக், ஆக்சில் ஷாஃப்ட் ஆகியவற்றின் சுமை கூடும்.

சஸ்பென்ஷன் உயர்த்துதல்: நீளமான ஷேக்கில்களையோ அதிக வளைவுள்ள ஸ்பிரிங்குகளையோ பொருத்தி வண்டியை உயர்த்துவர். இதனால் புரொபெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, கிராஸ்கள் விரைவில் தேயும். பிரேக் குழாய்களின் நீளம் போதாமல் போகும். ஸ்டியரிங் கம்பிகளின் கோணம் மாறி, சக்கரங்கள் உதறத் தொடங்கலாம். எல்லாவற்றிலும் பெரிய விளைவு கவிழும் ஆபத்து. சக்கரங்களின் அகலம் 1300 மி.மீ., புவியீர்ப்பு மையத்தின் உயரம் 650 மி.மீ. எனக் கொண்டால், கணக்கின்படி வண்டி 45 பாகைச் சாய்வில் கவிழும். மையம் 75 மி.மீ. உயர்ந்தால் அந்த எல்லை சுமார் 42 பாகையாகக் குறையும். ஸ்பிரிங்குகள் அமுங்குவதால் நடைமுறையில் இதற்கும் முன்பே வண்டி கவிழக்கூடும்.

டிஃபரன்ஷியல் பூட்டு: இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்யும் இப்பூட்டு, மேலே கூறிய எதிர்மூலைச் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் பிடிமானமுள்ள ஒரே ஷாஃப்டின் மீது முழு விசையும் விழுவதால், பழைய ஷாஃப்டுகள் முறியும் வாய்ப்பு உண்டு.

வின்ச்: சிக்கிய வண்டியை இழுக்கும் இக்கருவியின் திறன், வண்டியின் மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதன்படி 1500 கிலோ வண்டிக்குக் குறைந்தது 2250 கிலோ திறன் தேவை. இழுக்கும்போது கயிறு அறுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே கயிற்றின் மீது கனமான விரிப்பைப் போட்டு, மற்றவர்களைத் தொலைவில் நிறுத்துவது கட்டாயம். மரத்தில் கட்டும்போது அகலமான பட்டையைச் சுற்றியே கொக்கியை மாட்ட வேண்டும்.

ஸ்னார்க்கல்: எஞ்சினுக்குச் செல்லும் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய் இது. நீரை அமுக்க முடியாது. எனவே ஓடும் எஞ்சினின் சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்னார்க்கல் இதைத் தடுக்க உதவுகிறது. எனினும் மின்னிணைப்புகளையும் ஆக்சில்களையும் அது காப்பதில்லை. வெள்ளத்தின் இழுப்பிலிருந்தும் அது வண்டியைக் காப்பாற்றாது.

சட்ட நிலை

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வண்டியின் முன்புறம் பொருத்தப்படும் இரும்புத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

பழைய ஜீப்பை வாங்குவோர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். உதிரிகளைச் சேர்த்துக் கட்டிய வண்டிக்கு வேறொரு வண்டியின் ஆவணம் இருந்தால், பறிமுதல் வரை செல்லலாம். பதினைந்து ஆண்டுகளைக் கடந்த தனியார் வாகனத்தின் பதிவை, தகுதிச் சோதனைக்குப்பின் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றமின்றிப் பேணப்பட்ட வாகனங்களை 'விண்டேஜ்' வகையில் பதிவுசெய்யலாம். ஆகவே ஒரு பழைய வில்லிஸின் உடலை வெட்டி மாற்றுபவர் இந்தத் தகுதியை இழக்க நேரிடும்.

சுற்றுச்சூழல்

ஈர மண்ணில் சக்கரம் சுழன்றால் பள்ளம் விழும். அடுத்த மழையில் அது ஓடையாகி மண்ணை அரித்துச் செல்லும். ஆயில் ஒழுகும் வண்டி ஓடையில் இறங்கினால், கீழே அந்நீரைப் பயன்படுத்தும் ஊரார் பாதிக்கப்படுவர். வனவிலங்குச் சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றமாகும். ஏற்கனவே உள்ள தடத்திலேயே ஓட்டுவதும், தனியார் நிலத்தில் உரிமையாளரின் இசைவு பெறுவதும் பொறுப்புள்ள ஆர்வலர்களின் நடைமுறைகள்.

தொடக்கநிலையினர்

புதிதாக ஈடுபடுவோர் முதல் ஆண்டில் வண்டியை மாற்றாமல், அது இருக்கும் நிலையிலேயே முழுமையாகச் சீர்செய்து ஓட்டிப் பழகுவது நன்று. பிரேக், ஸ்டியரிங், குளிர்விப்பு அமைப்பு, ஆயில் கசிவு என்ற வரிசையில் சீர்செய்வது பாதுகாப்பானது. இழுவைக் கொக்கிகள், கயிறு, மண்வெட்டி, காற்றழுத்தமானி, காற்றடிக்கும் பம்பு, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவை அடிப்படைக் கருவிகள். மணலில் டயரின் காற்றைக் குறைத்தாலே பல வண்டிகள் எளிதாகக் கடந்துவிடும். ஆனால் சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் காற்றை நிரப்ப வேண்டும். தனியாகச் செல்லாமல் குறைந்தது இரண்டு வண்டிகளாகச் செல்வது வழக்கம். ஒன்று சிக்கினால் மற்றொன்று இழுக்கலாம்.