சூரியனுக்கு முறுக்கேறினால் என்ன ஆகும், தெரியுமா?

1859 செப்டம்பர் 1, காலை 11.18. இங்கிலாந்தின் ரெட்ஹில் ஊரில், தொலைநோக்கி வழியே திரையில் விழுந்த சூரிய பிம்பத்தைப் பார்த்துக் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார் வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன். திடீரென்று புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு வெள்ளை ஒளித் திட்டுகள்! சாட்சிக்கு ஆள் தேடி ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்து பார்த்தால், ஒளி மங்கிவிட்டிருந்தது. மொத்தமே ஐந்து நிமிடக் கூத்து. மனிதன் பதிவு செய்த முதல் சூரியச் சுடர் வெடிப்பு அதுதான்!

அடுத்து நடந்ததுதான் பெரிய ஆச்சரியம். சுமார் பதினேழரை மணி நேரத்தில் காந்தப் புயல் பூமியைத் தாக்கியது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். கம்பியில் தானாகப் பாய்ந்த மின்சாரத்திலேயே இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினார்கள்!

இவ்வளவுக்கும் காரணம் ஒரு முறுக்கு. சூரியன் கெட்டியான உருண்டை அல்ல. அதன் நடுப்பகுதி ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 25 நாள். துருவங்களுக்கோ ஏறத்தாழ 35 நாள். நடு முந்த, ஓரம் பிந்த, உள்ளிருக்கும் காந்தக் கோடுகள் இழுபட்டுக் கயிறாக முறுக்கேறுகின்றன. அளவுக்கு மேல் முறுக்கிய கயிறு சுருண்டு புடைக்குமே, அப்படிப் புடைத்து மேற்பரப்பைத் துளைத்து வரும் இடம்தான் கரும்புள்ளி. அங்கே காந்தப்புலம் பூமியுடையதைப்போல் பல ஆயிரம் மடங்கு! அடியிலிருந்து வெப்பம் ஏறவிடாமல் அது தடுப்பதால்தான் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது.

எதிரெதிர்த் திசையில் ஓடும் கோடுகள் நெருக்குண்டால் அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும். நாள் கணக்கில் சேர்ந்த ஆற்றல் சில நிமிடங்களில் வெடிக்கும். வாயு ஒரு கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கும். எக்ஸ் கதிர்கள் எட்டே நிமிடத்தில் நம்மை எட்டும். சில வேளை 100 கோடி டன் பிளாஸ்மாவும், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவும், மேகமாகக் கிளம்பும். 1989 மார்ச் 13 அன்று அப்படி வந்த மேகம் ஒன்று கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பை ஒன்றரை நிமிடத்தில் சாய்த்தது. 60 லட்சம் பேர் இருட்டில்!

நம் கொடைக்கானலிலும் சூரியனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், 1901 முதல்! கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அந்த மலையில்தான். இன்று ஆதித்யா எல்-1 விண்கலம் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று இரவு பகல் இல்லாமல் காவல் காக்கிறது.

2024 மே மாதக் கரும்புள்ளிக் கூட்டம் பூமியைப்போல் 15 மடங்கு அகலம். கிரகணக் கண்ணாடி போட்டாலே தெரிந்தது! அது கக்கிய மேகங்கள் வந்து மோதிய இரவில், லடாக்கின் ஹான்லே வானம் துருவ ஒளியால் அடிவானத்திலிருந்து சிவந்து எழுந்தது.