வாங்கெல் விமான எஞ்சினில் தீப்பொறிச் சுற்று

சித்தூரிலிருந்து பலமனேர், முல்பாகல் வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலை கோலாரை அடைகிறது. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்ட ஓடுதளம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அவ்விடத்தில் ‘நிஷாந்த்’ என்னும் ஆளில்லா விமானம் ஏவப்பட்டது. அது 1.8 கிலோமீட்டர் உயரம் ஏறி, மொத்தம் 40 நிமிடம் பறந்து, வறண்ட ஏரி ஒன்றில் பத்திரமாக இறங்கிற்று. விமானம் புதிதன்று, அதனை இயக்கிய எஞ்சினே புதிது. முற்றிலும் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் வாங்கெல் சுழல் எஞ்சின் அது. அதன் திறன் 55 குதிரைத்திறன். எடையோ ஏறத்தாழ 30 கிலோகிராம்தான்.

எஞ்சினின் மையப் பகுதியைப் பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகம் உருவாக்கிற்று. பறப்புச் சோதனையை அதே நகரின் வானூர்தி மேம்பாட்டு நிலையம் ஏற்றது. எரிபொருள் அமைப்பும் தீப்பொறி அமைப்பும் அந்நாளில் அகமத்நகர் எனப்பட்ட ஊரிலுள்ள வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் பொறுப்பாயின. தீப்பொறி அமைப்பு தனியொரு பணியாகக் கருதப்பட்டது கவனிக்கத் தக்கது. பளபளப்பான சுழலியைக் காண்போர் பலர்; அதனுடன் வரும் கம்பிகளைக் காண்போர் சிலரே.

‘சுழல் எஞ்சின்’ என்ற பெயர் சிறிது குழப்பம் தருவது. முதல் உலகப் போர்க் காலத்து விமானங்களில் உருளைகளே வட்டமாகச் சுழன்ற ‘நோம்’ முதலிய எஞ்சின்களுக்கும் அப்பெயர் வழங்கிற்று. ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெலின் எஞ்சின் வேறு வகை. 1957ஆம் ஆண்டில் முதன்முதலாக ஓடிய இதில் மேலும் கீழும் செல்லும் பிஸ்டன் கிடையாது. நீள்வட்டம் போன்றதொரு கூட்டினுள் முக்கோணச் சுழலி ஒன்று சுற்றுகிறது. ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1967 முதல் இதனைக் கார்களில் பொருத்தி வந்தது. அக்கார்களின் இரு சுழலி எஞ்சின்களை வாங்கி, தாமே வீட்டில் கட்டிய சிறு விமானங்களில் பொருத்திப் பறப்போர் அமெரிக்கா முதலிய நாடுகளில் உள்ளனர். நிஷாந்த் விமானத்தைத் தரையிறக்கப் பாராசூட் உண்டு. அதில் ஆளும் இல்லை. வீட்டில் கட்டிய விமானத்திலோ, கட்டியவரே அமர்ந்திருக்கிறார்.

வாங்கெல் எஞ்சினில் எரியறை நீண்டு குறுகியது. ஒரு முனையில் மூட்டிய சுடர் மறு முனையை உரிய காலத்தில் எட்டுவதில்லை. ஆதலால் மாஸ்டா எஞ்சினில் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு: முதலில் பொறி தரும் முந்து பிளக், அடுத்துப் பொறி தரும் பிந்து பிளக். வேலையின் பெரும்பங்கு முந்து பிளக்கினுடையது. அது நின்றால் திறன் வெகுவாகக் குறையும். எனினும் எஞ்சின் ஓடும். பிந்து பிளக் நின்றாலோ விமானி அதனை உணராமலே போகலாம்.

மேலும், தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சுழலியிலும் ஒரு முறை எரிதல் நிகழ்கிறது. நிமிடத்திற்கு 6000 சுற்றில் ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 100 பொறி தர வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினின் பிளக்குக்கு இதே வேகத்தில் 50 போதும். ஆகவே பிளக்கும் காயிலும் கம்பியும் ஓய்வின்றி உழைக்கின்றன, சூடும் அதிகம்.

பழைய விமான எஞ்சின்களில் பொறி தருவது மேக்னெட்டோ. அதற்குப் பாட்டரி வேண்டுவதில்லை. அதன் சுவிட்சுக் கம்பி அறுந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்கும். காயில் முறை இதற்கு நேர்மாறானது. பாட்டரி, ப்யூஸ், சுவிட்சு, எர்த் இவற்றுள் ஒன்று விட்டுப்போயினும் பொறி இல்லை. நகரியின் விசைத்தறிக் கூடத்தில் மோட்டார் இணைப்புத் தளர்ந்தால் தறி நிற்கும். முடுக்கிவிட்டால் மீண்டும் ஓடும். ஆகாயத்தில் முடுக்குவோர் யார்?

இரண்டு பிளக் உண்டே என்று தேறுதல் கொள்வது தவறு. நான்கு காயில்களும் ஒரே ப்யூஸிலிருந்து மின்சாரம் பெற்று ஒரே திருகில் எர்த் ஆகியிருந்தால், பிளக் எத்தனை இருந்தும் அமைப்பு ஒன்றே. முந்து காயில்களுக்கு ஒரு பாட்டரி, ப்யூஸ், சுவிட்சு. பிந்து காயில்களுக்கு மற்றொரு தொகுதி எனப் பிரிப்பதே முறை. சுழலிக்கு ஒரு தொகுதி எனப் பிரிப்பது பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றும். ஆனால் ஒரு தொகுதி கெட்டால் ஒரு சுழலி முழுதும் செத்துவிடும். எஞ்சியது அந்தப் பிணத்தையும் சுமந்து சுற்ற வேண்டியதால் பாதித் திறன்கூடக் கிட்டாது.

கம்பி அறாமலே கேடு விளைவதும் உண்டு. அதற்கொரு கணக்கு வகுப்பறைக்கும் உதவும். முதன்மைச் சுருளின் தன்மின்தூண்டல் எண் 3 மில்லிஹென்றி என்றும், சுற்றின் மொத்தத் தடை 0.6 ஓம் என்றும் கொள்க. 12 வோல்ட்டை 1.8 மில்லிவிநாடி செலுத்தினால் மின்னோட்டம் ஏறத்தாழ 6 ஆம்பியருக்கு உயரும். அதில் சேரும் ஆற்றல் 54 மில்லிஜூல். இப்போது துருவேறிய எர்த் இணைப்பு 1 ஓம் தடையைச் சேர்க்கட்டும். அதே நேரத்தில் மின்னோட்டம் 4.6 ஆம்பியரே ஆகும். ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின் 32 மில்லிஜூலாகச் சுருங்கும். தரையில் மெதுவாக ஓடும்போது இப்பொறி போதுமானதாகவே தோன்றும். முழுத் திறனில் அறையின் அழுத்தம் மிகுந்து, பொறி பாய அதிக வோல்ட் வேண்டும்போதுதான் அது தவறும். அதாவது விமானம் தரையை விட்டு எழும்பும் வேளையில்.

இத்தகைய இணைப்பை ஓம் மீட்டர் காட்டிக் கொடுப்பதில்லை என்பதைக் களப்பணியாளர் நினைவிற்கொள்ளல் நன்று. பல இழைக் கம்பியில் ஓரிரண்டு இழைகளே பற்றிக்கொண்டிருப்பினும், மீட்டரின் சிறு மின்னோட்டத்திற்கு அவை போதும். சுற்றில் உண்மையான சுமை ஓடும்போது, பாட்டரியின் எதிர்முனைக்கும் காயிலின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் இழப்பை அளப்பதே சரியான சோதனை.

இணைப்பு முனைகளை ஈயம் வைத்துப் பற்றுவதைவிட, உரிய கருவியால் நெரித்துப் பிடிப்பிப்பது மேல். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊர்ந்து சென்று கம்பியை விறைப்பாக்குகிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் அதிர்வினால் இழைகள் ஒவ்வொன்றாக அறும். நெரித்த முனையையும் அருகிலேயே ஒரு பிடியால் தாங்குதல் வேண்டும். உயர் வோல்ட் கம்பிகள் தண்டின் நிலையை உணரும் கருவியின் கம்பிகளோடு சேர்ந்து செல்லலாகாது. சென்றால் பொறி தவறான நேரத்தில் பிறக்கும். வாங்கெலின் வெளிப்போக்குக் குழாய் மிகக் கடுஞ்சூடுடையது. காயில்களை அதனருகில் வைப்பது அறியாமை. பிளக்கிலிருந்து கம்பி கழன்ற நிலையில் எஞ்சினைச் சுழற்றுவதும் கேடு. வழியற்ற உயர் வோல்ட் காயிலின் காப்பையே துளைத்து வெளியேறும்.

பறக்குமுன் முந்து காயில்களின் சுவிட்சை ஒரு முறையும், பிந்து காயில்களின் சுவிட்சை ஒரு முறையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்க வேண்டும். பிந்துத் தொகுதி கெட்டிருப்பதை வெளிப்படுத்துவது முந்துத் தொகுதியை நிறுத்தும் அந்தச் சில விநாடிகளே. அப்போது எஞ்சின் வேகம் குறைந்தாலும் ஓட வேண்டும். நின்றுவிட்டால் விமானம் அன்று தரையிலேயே இருக்கும்.